நியூயார்க் மாரத்தான்: பாதையைப் படித்துவிட்டு ஓடுவது எப்படி

நியூயார்க்கில் இடம் கிடைத்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன டைம் அடிக்கலாம்?" பெர்லினுக்கோ சிகாகோவுக்கோ போகிறவர் கேட்டால் பயிற்சி நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அவை தட்டையான பாதைகள். நியூயார்க்கில் ஐந்து பாலங்கள் இருக்கின்றன. மொத்த ஏற்றம் சுமார் 250 மீட்டர். அதில் உயிரை எடுக்கும் பகுதி, கால் ஓய்ந்த பிறகு 23வது மைலில் வருகிறது.

இந்தப் பாதையை இரண்டு முறை ஓடியிருக்கிறேன். மூன்றாவது முறை, முதல் மாரத்தான் ஓட வந்த நண்பர்களுடன் ஓரமாக நின்று பார்த்தேன். கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த மூன்றாவது முறை கிடைத்ததுதான். எல்லோரும் ஒரே இடங்களில் ஒரே தவறுகளைச் செய்கிறார்கள்.

ஒரு குறிப்பு: பாதையில் மைலுக்கு ஒரு பலகை இருக்கும், 5 கி.மீ.க்கு ஒரு முறை டைமிங் பாய் (நீங்கள் கடக்கும் நேரத்தைப் பதியும் தரை விரிப்பு) வரும். அங்கே கண்ணில் படுவது மைல் என்பதால் இங்கும் மைலிலேயே எழுதுகிறேன். ஒரு மைல் என்பது 1.6 கி.மீ.

1. பயிற்சியில் மேம்பாலத்தைச் சேருங்கள்

மெரினாவிலும் ஈசிஆரிலும் லாங் ரன் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம்) ஓடிப் பழகிய கால்களுக்கு ஏற்றம் தெரியாது. அதற்காக ஏற்காடு போக வேண்டியதில்லை. நியூயார்க் பாலங்கள் செங்குத்தானவை அல்ல. மெதுவாக, நீளமாக ஏறும். அதே நீளத்துக்கு இறங்கும். விடியற்காலையில் வண்டி குறைவாக உள்ள மேம்பாலம் ஒன்றில் ஏறி இறங்குவதே சரியான பயிற்சி.

அதை எப்போது செய்கிறோம் என்பது முக்கியம். லாங் ரன்னின் தொடக்கத்தில் ஏறினால் பயன் குறைவு. 25 கி.மீ. ஓடி முடித்த பிறகு நான்கைந்து முறை ஏறி இறங்குங்கள். போட்டியில் ஏற்றம் வரும்போது கால் அந்த நிலையில்தான் இருக்கும்.

இறக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பலருக்குத் தொடைத் தசை போவது ஏறும்போது அல்ல, குதிகாலை ஊன்றிப் பிரேக் போட்டபடி இறங்கும்போது. அடியைச் சின்னதாக வைத்து, உடலை லேசாக முன்சாய்த்து இறங்கப் பழகுங்கள்.

2. பிப் வாங்கும் நாளில் நடையைக் குறையுங்கள்

போட்டி நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. பிப் எண்ணை, அதாவது நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் தாளை, அதற்கு முந்தைய நாட்களில், மேற்கு மன்ஹாட்டனில் உள்ள ஜாவிட்ஸ் மையத்தில் நடக்கும் எக்ஸ்போவில் (ஓட்டக்காரர்களுக்கான கண்காட்சி), அடையாள அட்டையைக் காட்டி நேரில் வாங்க வேண்டும். ஓட்ட நாளன்று காலையில் தர மாட்டார்கள். சனிக்கிழமை இரவு விமானத்தில் வந்து இறங்கும் திட்டம் வேண்டாம்.

எக்ஸ்போவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை ஒன்று தருவார்கள். ஓட்ட நாளில் தொடங்கும் இடத்துக்குப் பொருள் கொண்டு போக அதை மட்டும்தான் அனுமதிப்பார்கள். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பைக்கு அனுமதி இல்லை. மாதக்கணக்கில் அதை மாட்டியே பழகியவர்கள் இடுப்புப் பெல்ட்டுக்கு இப்போதே மாறிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் சனிக்கிழமையைச் செலவழிக்கும் விதம்தான் பெரிய கவலை. எக்ஸ்போவில் மூன்று மணி நேரம், பிறகு டைம்ஸ் சதுக்கம், அப்படியே புரூக்ளின் பாலம் என்று இருபதாயிரம் அடி நடந்துவிட்டு மறுநாள் கால் கனக்கிறது என்பார்கள். ஊர் சுற்றலைத் திங்கட்கிழமைக்கு வையுங்கள். முடிந்தால் எக்ஸ்போவை வியாழன் அல்லது வெள்ளியிலேயே முடித்துவிடுங்கள்.

3. ஸ்டேட்டன் தீவில் காத்திருக்கத் தயாராகுங்கள்

என்னைக் கேட்டால் மாரத்தானின் முதல் பகுதி இந்தக் காத்திருப்புதான். இதில் சொதப்பினால் மீதியும் சொதப்பும்.

தொடக்கம் ஸ்டேட்டன் தீவில், ஃபோர்ட் வாட்ஸ்வொர்த்தில். அங்கே போக மிட்டவுனிலிருந்து பஸ், அல்லது மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து ஃபெர்ரி. இதை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபெர்ரியில் இறங்கினால் வேலை முடிந்துவிடாது. இன்னொரு பஸ் வரிசை, அதன்பின் பாதுகாப்புச் சோதனை என்று நேரம் ஓடும். படகுப் பயணம் அரை மணிதான் என்று கணக்குப் போட்டுத் தாமதமாகக் கிளம்புவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓடுவதால் அலை அலையாக அனுப்புகிறார்கள். முதல் அலை 9 மணி தாண்டி. கடைசி அலை 11.30 வாக்கில். உங்கள் அலை 10.55 என்றால் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து ஆறு மணி நேரம் கழித்துத்தான் ஓடத் தொடங்குவீர்கள். இதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும்.

முதலாவது சாப்பாடு. எழுந்ததும் சாப்பிட்டது 11 மணிக்குள் கரைந்துவிடும். தொடங்குவதற்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இன்னொரு முறை சாப்பிட வேண்டும். அங்கே பேகல், காபி, தேநீர் கிடைக்கும். ஆனால் பேகல் கெட்டியான ரொட்டி. பழக்கமில்லாத வயிற்றுக்கு அன்றைக்கா சோதனை? வழக்கமாகச் சாப்பிடுவதையே பையில் எடுத்துப் போங்கள். நான் கொண்டுபோனது வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பிரெட், இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் பேரீச்சை.

இரண்டாவது குளிர். வெப்பநிலை ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கலாம், கடல் காற்றும் அடிக்கும். தூக்கிப் போடத் தயங்காத பழைய ஸ்வெட்டர், பேன்ட், குல்லா, கையுறை போட்டுக்கொண்டு போங்கள். அங்கே கழற்றிப் போடும் துணிகள் தொண்டுக்குப் போகின்றன. உட்கார ஒரு அட்டைத் துண்டோ குப்பைப் பையோ எடுத்துக்கொள்ளுங்கள், பனி விழுந்த புல்தரை ஈரமாக இருக்கும். பழைய சாக்ஸ், செருப்போடு போய்க் கடைசியில் ஓட்ட ஷூ மாற்றுபவர்களையும் பார்த்தேன். புத்திசாலிகள்.

எப்போதும் குளிரும் என்றும் நம்பிவிட வேண்டாம். 2022-ல் அதே நாளில் வெயில் 20 டிகிரியைத் தாண்டிப் பலரைச் சாய்த்தது. நம் ஊர் வெயிலில் பயிற்சி எடுத்தவர்களுக்கு அது சாதகமாகத் தோன்றலாம். ஆனால் வெப்பம் ஏறினால் யாராக இருந்தாலும் பேஸை, அதாவது ஓடும் வேகத்தை, குறைத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, கோரல் (உங்கள் அலைக்காரர்கள் தொடக்கத்துக்கு முன் நிற்கும் தடுப்படைப்பு) மூடும் நேரம். உங்கள் அலை கிளம்புவதற்கு வெகு முன்னதாகவே கோரல் கதவு சாத்தப்படும். கழிப்பறை வரிசை நீளம் என்பதால், வந்ததும் ஒரு முறை போய்விட்டு, வெளியே வந்து மறுபடியும் அதே வரிசையின் கடைசியில் நில்லுங்கள். சிரிப்பாக இருக்கும்; நின்றவர்கள் யாரும் வருந்தியதில்லை.

ஒரு நல்ல செய்தி: அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாளும் அதே ஞாயிறுதான். கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கலாம். சுவர்க் கடிகாரத்தை நம்பாமல் ஃபோனில் அலாரம் வையுங்கள்.

4. வெராசானோ பாலத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடுங்கள்

பீரங்கி வெடிக்கும், கூட்டம் கத்தும், அடுத்த நொடியே ஏற்றம். பாதையின் மிக உயரமான இடம் இந்த முதல் பாலத்தின் நடுவில்தான் இருக்கிறது. முதல் மைல் முழுக்க ஏற்றம், இரண்டாவது மைல் இறக்கம். ஆனால் ஏறுகிறோம் என்றே தெரியாது. வாரக்கணக்கில் ஓட்டத்தைக் குறைத்து ஓய்ந்த கால், ஆறு மணி நேரம் அடக்கிவைத்த பரபரப்பு, இடப்பக்கம் மன்ஹாட்டன் கட்டடங்கள். எல்லாம் சேர்ந்து மூச்சு வாங்குவதையே மறைத்துவிடும்.

4 மணி 30 நிமிடம் இலக்கு என்றால் சராசரி மைலுக்கு 10:18. முதல் மைலை 11 நிமிடத்துக்கு மேல் ஓடுங்கள். இரண்டாவது மைலில் இறக்கம் தானாகவே 10 நிமிடத்துக்குள் கொண்டுவரும். அதற்கு மேல் தள்ளாதீர்கள். இங்கே மிச்சம் பிடிக்கும் ஒரு நிமிடத்துக்கு ஐந்தாம் அவென்யூவில் ஐந்து நிமிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

வாட்ச்சை நம்ப வேண்டாம். பாலத்தின் கீழ்தளத்தில் ஓடுபவர்களுக்கு ஜிபிஎஸ் குழம்பி, தாறுமாறாகப் பேஸ் காட்டும். ஆட்டோ லேப்பை (ஒவ்வொரு மைலையும் வாட்ச் தானாகப் பதியும் வசதி) நிறுத்திவிட்டு, மைல் பலகையைத் தாண்டும்போது நீங்களே பட்டனை அழுத்துங்கள்.

யார் எந்தத் தளத்தில் ஓடுவார் என்பதைப் பிப்பின் நிறம் தீர்மானிக்கும். கீழ்தளம் கிடைத்தவர்கள் ஓரத்தை விட்டு நடுவில் ஓடுங்கள். மேல்தளத்தில் அவசரம் தாங்காமல் ஓரம் ஒதுங்குபவர்கள் இருப்பதாக ஓட்டக்காரர்களிடையே பழைய பேச்சு ஒன்று உண்டு. விதிப்படி அது தடை. காற்றுக்கு விதி தெரியாது.

5. புரூக்ளினில் கையைக் கட்டிப்போடுங்கள்

பாலம் இறங்கினால் நான்காம் அவென்யூ. பே ரிட்ஜ், சன்செட் பார்க், பார்க் ஸ்லோப் வழியாக மைல் கணக்கில் நேராகப் போகும் அகலமான சாலை. பெரும்பாலும் சமம். இருபக்கமும் கூட்டம், தெருவுக்குத் தெரு இசைக்குழு, கை நீட்டும் குழந்தைகள். இங்கே எல்லோருக்கும் எளிதாக இருக்கும். அந்த எளிமைதான் ஆபத்து.

எனக்குப் பயன்பட்ட சோதனை: பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா? 10வது மைல் வரை முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வாட்ச் என்ன சொன்னாலும் நீங்கள் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

8வது மைல் வாக்கில், வெவ்வேறு நிறத் தொடக்கங்களில் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள். அதையொட்டி வரும் லஃபாயெட் அவென்யூ குறுகலானது, லேசான ஏற்றமும் உண்டு. இடைவெளி தேடி இடமும் வலமும் வெட்டி ஓடாதீர்கள். தரையில் நீலக்கோடு போட்டிருப்பார்கள்; மிகக் குறுகிய வழி அதுதான். வெட்டி வெட்டி ஓடுபவர்கள் முடிவில் 42.195-க்குப் பதிலாக 43 கி.மீ. ஓடியதாக வாட்ச் காட்டும். பாதை நீளம் தவறு என்று புகார் சொல்பவர்களில் பாதிப் பேர் இவர்கள்.

பெட்ஃபோர்ட் அவென்யூவில் தெற்கு வில்லியம்ஸ்பர்க் வந்ததும் சத்தம் சட்டென்று அடங்கும். பழமை மாறாத யூதக் குடும்பங்கள் வாழும் பகுதி. அவர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆரவாரம் இல்லாத இந்தக் கொஞ்ச தூரத்தில் மூச்சையும் தோளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

6. தண்ணீர் மேசைகளை முறையாகக் கடக்கப் பழகுங்கள்

3வது மைலில் தொடங்கி ஏறக்குறைய ஒவ்வொரு மைலிலும் தண்ணீரும் எனர்ஜி பானமும் உண்டு, சாலையின் இரு பக்கத்திலும். முதல் மேசையில் எல்லோரும் மொய்ப்பார்கள். கடைசி மேசை காலியாக இருக்கும், அங்கே எடுங்கள். தம்ளரின் விளிம்பைக் கிள்ளிப் பிடித்தால் சிந்தாது. குடிக்கும் பத்து அடியை நடந்தே குடியுங்கள், இழக்கும் நேரம் ஒன்றுமில்லை.

தரையில் காகிதத் தம்ளர்கள், கொட்டிய சர்க்கரைத் தண்ணீர், பின்பாதியில் வாழைப்பழத் தோல். வழுக்கும். ஜெல் (உறிஞ்சிச் சாப்பிடும் சர்க்கரைக் கூழ்ப் பொட்டலம்) பாதையில் சில இடங்களில்தான் கிடைக்கும். உங்களுக்குப் பழகியதை நீங்களே கொண்டுபோங்கள்.

மருத்துவ மேசை அருகே தன்னார்வலர்கள் ஐஸ் குச்சி போன்ற மரக்குச்சியில் வெள்ளையாக எதையோ தடவி நீட்டுவார்கள். அது வாஸ்லின், தொடை உராய்வுக்கு. எங்களோடு வந்த ஒரு தம்பி ஜெல் என்று நினைத்து வாயில் வைத்துவிட்டு, "அண்ணா, இதுல டேஸ்ட்டே இல்லையே!" என்றான். அவன் முதல் ஆள் இல்லை.

7. குயின்ஸ்பரோ பாலத்தைத் தனியாகத் தாண்டத் தயாராகுங்கள்

பாதித் தூரம் புலாஸ்கி பாலத்தில் வருகிறது. சின்னப் பாலம், புரூக்ளினையும் குயின்ஸையும் இணைப்பது. இங்கே நேரத்தைப் பாருங்கள். 4:30 இலக்குக்கு 2:13 வாக்கில் இருந்தால் நன்று. 2:05 என்று இருந்தால் அதைக் கொண்டாடாதீர்கள்.

குயின்ஸில் சில திருப்பங்களுக்குப் பிறகு, 15வது மைலை ஒட்டிக் குயின்ஸ்பரோ பாலம். ஏறக்குறைய ஒரு மைல், கீழ்தளத்தில், தலைக்கு மேல் இரும்பு. பார்வையாளர்கள் கிடையாது. அதுவரை காது கிழியக் கேட்ட சத்தம் போய், ஆயிரக்கணக்கான ஷூக்களின் தப் தப் ஓசையும் பெருமூச்சும் மட்டும் கேட்கும். ஏற்றம் முடிவில்லாததுபோல் நீளும். முதல் ஆட்கள் நடக்கத் தொடங்குவது இங்கேதான். ஒருவர் நடந்தால் பக்கத்தில் உள்ளவருக்கும் நடக்கத் தோன்றும்.

செய்ய வேண்டியது: பாலத்துக்குச் சற்று முன் ஒரு ஜெல், ஒரு வாய் தண்ணீர். பாலத்தில் வாட்ச்சைப் பார்க்காதீர்கள், ஜிபிஎஸ் இங்கும் பொய் சொல்லும். பத்து இருபது அடி முன்னால் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, அடியைச் சுருக்கி, அதே மூச்சில் ஏறுங்கள். வேகம் குறைந்து மைலுக்கு முப்பது நாற்பது நொடி கூடுதலாக ஆனால் அது இயல்பு. நடக்கத்தான் வேண்டும் என்றால் வலப்பக்கம் ஒதுங்கி நடங்கள்.

8. முதல் அவென்யூவின் சத்தத்துக்கு ஏமாறாதீர்கள்

பாலம் இறங்கி 59வது தெருவில் வளைந்து முதல் அவென்யூவுக்குள் நுழையும்போது கூட்டத்தின் இரைச்சல் நெஞ்சில் வந்து விழும். கண்ணில் நீர் வரும், கால் தானாகப் பறக்கும். இந்த ஒரு மைலை வாழ்நாளின் மிக வேகமான மைலாக ஓடிவிட்டு, 19வது மைலில் தசைப்பிடிப்போடு ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் ஏராளம். நானும் அதில் ஒருவன், முதல் முறை.

சாலை அகலமானது, நேரானது. முன்னால் மைல் கணக்கில் தலைகளே தெரியும். மேலும் கீழுமாக லேசாக அலையும். 96வது தெருவைத் தாண்டினால் கூட்டம் குறைந்துகொண்டே போகும். பழைய பேஸுக்குத் திரும்ப ஒரு வழி: வளைந்து நுழைந்ததும் முதல் இரண்டு நிமிடம் வேண்டுமென்றே பின்னால் இழுத்து ஓடுங்கள்.

குடும்பத்தினர் வந்திருந்தால் 100வது தெருவை ஒட்டி முதல் அவென்யூவில் நிற்கச் சொல்லுங்கள். உங்களைப் பார்த்துவிட்டு மேற்கே பதினைந்து இருபது நிமிடம் நடந்தால் ஐந்தாம் அவென்யூ. 23வது மைலில் மறுபடியும் பார்க்கலாம். எந்தப் பக்க நடைபாதை என்பதையும் பேசிவையுங்கள். "கூட்டத்தில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்" என்றால் இருவருக்கும் ஏமாற்றம்தான்.

9. பிராங்க்ஸை இரண்டு பாலங்களாகப் பாருங்கள்

வில்லிஸ் அவென்யூ பாலத்தில் ஏறி, 20வது மைலில் பிராங்க்ஸ். ஒரு மைல் சுற்றிவிட்டு மேடிசன் அவென்யூ பாலம் வழியாக மறுபடியும் மன்ஹாட்டன். இரண்டும் சின்னப் பாலங்கள். ஆனால் உடலில் சேமித்த சர்க்கரை தீரும் இடமும் இதுதான். பசிக்கவில்லை என்றாலும் ஒரு ஜெல் எடுத்துவிடுங்கள். தலை சுற்றிய பிறகு எடுத்தால் அது இரத்தத்தில் சேருவதற்குள் இன்னொரு மைல் போயிருக்கும்.

10. ஐந்தாம் அவென்யூவுக்காகச் சேர்த்துவையுங்கள்

இதுவரை சொன்ன எல்லாச் சிக்கனமும் இந்த ஒரு மைலுக்காகத்தான். ஹார்லெமில் மார்கஸ் கார்வி பூங்காவைச் சுற்றிவந்த பிறகு, 110வது தெருவிலிருந்து 90வது தெரு வரை ஐந்தாம் அவென்யூ ஏறிக்கொண்டே போகும். வலப்பக்கம் சென்ட்ரல் பார்க். வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத சாய்வு, காரில் போனால் தெரியவே தெரியாது. 23 மைல் ஓடிய காலுக்குத் தெரியும்.

தெரு எண்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். 110, 109, 108. ஒவ்வொரு எண்ணும் சுமார் எண்பது மீட்டர் வேலை; மனம் அவ்வளவைத் தாங்கும். பேஸை மறந்துவிட்டு உழைப்பை மட்டும் சமமாக வையுங்கள்.

90வது தெருவில் பூங்காவுக்குள் திரும்பியதும் இறக்கம் தொடங்கும். மிச்சம் இருப்பதைச் செலவழிக்கலாம், ஆனால் ஒரேயடியாக வேண்டாம். பூங்காச் சாலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு பூங்காவை விட்டு வெளியே வந்து, தெற்கு ஓரமாக 59வது தெருவில் கொலம்பஸ் சர்க்கிள் நோக்கி ஓடி, மறுபடி உள்ளே நுழைய வேண்டும். அங்கிருந்து ஃபினிஷ் லைன் அரை மைல்கூட இல்லை, அதுவும் லேசான ஏற்றம். கொலம்பஸ் சர்க்கிளைப் பார்த்ததும் முடிந்தது என்று முழு வேகம் போட்டு, கடைசி இருநூறு மீட்டரை நொண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

11. முடிந்த பிறகும் நடக்க வேண்டும்

மெடல், உணவுப் பை, வெப்பம் காக்கும் தாள் தந்துவிட்டு உங்களை வடக்கே நடக்கச் சொல்வார்கள். வெளியேறும் வாசல் பக்கத்தில் இருக்காது. பையை ஒப்படைத்து வாங்கும் வசதியா, போஞ்சோ (உடலைப் போர்த்தும் குளிர் அங்கி) வாங்கிக்கொண்டு சீக்கிரம் வெளியேறுவதா என்பதை முன்கூட்டியே கேட்பார்கள். விவரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த மின்னஞ்சலைப் படிக்காமல் விடாதீர்கள். சூரியன் 5 மணிக்கு முன்பே மறைந்துவிடும். வியர்த்த உடம்பு பத்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும் என்பதால் போஞ்சோவுக்கே என் ஓட்டு.

உட்காராதீர்கள், எழுந்திருக்க முடியாது. குடும்பத்தினரைச் சந்திக்கப் பூங்காவை விட்டு இரண்டு தெரு தள்ளி ஒரு கடை வாசலைப் பேசிவையுங்கள். பூங்கா ஓரத்துச் சாலையில் கூட்டமும் தடுப்புகளும்தான் இருக்கும், ஃபோன் சிக்னலும் திணறும்.

சப்வே படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குங்கள். தொடை வலி பாதியாகக் குறையும். யாரும் சிரிக்க மாட்டார்கள். மெடலைச் சட்டைக்குள் ஒளிக்காமல் வெளியே விடுங்கள், அந்த ஒரு நாள் நியூயார்க்கில் முன்பின் தெரியாதவர்கூட எழுந்து உட்கார இடம் தருவார்.